ஆற்றோடு போன ஏடு



குறிப்பெடுப்பதற்கெல்லாம் ஒரு கருத்தரங்கா என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். திருச்சியின் இந்தக் கைலாசபுரத்தில் ஏதேனும் ஒரு வீட்டுப் பிள்ளையின் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். முக்கியமான வரிக்கு மட்டும் மஞ்சள் பூசத் தொடங்கி, பக்கம் முழுவதும் மஞ்சளாகியிருக்கும். தேர்வு நெருங்கினால் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். குறிப்புக்குப் பஞ்சமில்லை; அதைத் திரும்ப எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கோளாறு.

இதற்கு விடை காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் நடந்ததாக வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்வது இது. திருவாய்மொழிக்குத் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி உரையை ஆசாரியர் நஞ்சீயர் ஒருமுறை முழுதும் சொல்லிக் கேட்பித்து, நல்ல பிரதி எடுக்கும்படி சீடர் நம்பூர் வரதராசரிடம் கொடுத்தார். ஏட்டுக் கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் ஆற்றை நீந்தும்போது வெள்ளம் அதை அடித்துப்போனது. வரதராசர் வெற்றோலைகளை எடுத்து, காதால் கேட்டதை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். சில இடங்களில் பொருள் முன்னிலும் தெளிவாக விழுந்திருந்தது. நடந்ததைக் கேட்டறிந்த நஞ்சீயர், 'நம்பிள்ளை' என்று அவரை அணைத்துக்கொண்டார். அந்தப் பெயரே நிலைத்தது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் மாணவர்களிடம் இப்படி நினைவிலிருந்து எழுதுவதன் பயனைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தனர். மற்றவர்கள் பார்க்காமல் எழுதினர். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நம் பிள்ளைகள் ஏமாறுவது அந்த முதல் 5 நிமிடத்தில்தான்!

நம்பிள்ளையே பின்னர் ஆசிரியரானார். அவர் பகலில் சொன்னதை இரவில் உட்கார்ந்து எழுதினார் வடக்குத் திருவீதிப்பிள்ளை. இன்று 'ஈடு' என்று வைணவர் போற்றும் முப்பத்தாறாயிரப்படி அது. இன்னொரு சீடரான நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர் ஒன்றும் விடாமல் ஒன்றேகால் லட்சம் படி அளவுக்கு எழுதிக்கொண்டு வந்தார். இப்படி எல்லாவற்றையும் எழுதிவிட்டால் ஆசிரியரிடம் வந்து கேட்பவர் யார் என்று நம்பிள்ளை அதைக் கரையானுக்கு விட்டார் என்பது மரபு. அந்தக் கடுமை எனக்கு உடன்பாடில்லை. கவலை மட்டும் புரிகிறது; அதற்கு நம் காலத்து உதாரணமே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கரையேற்றிய கோனார் உரை, இதே திருச்சியில், புனித வளனார் கல்லூரிப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் எழுதியது. அவர் உழைத்து எழுதினார். நாம் உழைக்காமல் படித்தோம்.

உழைத்துப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்து வால்டர் பாக் பரப்பிய குறிப்பெடுக்கும் முறையில் தாளின் இடது ஓரம் கேள்விகளுக்கு. குறிப்புள்ள வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவற்றுக்கு விடை சொல்லிப் பார்க்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் "நோட்டை மூடு, நினைவில் இருப்பதை எழுது" என்று சொல்ல எத்தனை ஆசிரியருக்கு மனம் வரும்? போர்ஷன் முடியாது என்பார்கள். அது வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிடமாட்டேன். அந்தக் கட்சிக்காரர்களே முதல் அமர்வில் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.