ஆணியும் தகடும்



படகு ஏன் மிதக்கிறது என்று கேட்டால், ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியை நீங்கள் உடனே ஒப்பித்துவிடுவீர்கள். புயலும் பாறையும் இல்லாத அமைதியான நீரில், நன்றாகக் கட்டப்பட்ட படகு ஏன் ஒழுகத் தொடங்குகிறது என்று கேட்டால் பலர் விழிப்பீர்கள். தகடுகளைப் பிணைக்கும் சிற்றாணியே அதற்குக் காரணமாகலாம். அலுமினியப் படகுக்கு ரிவெட் எனப்படும் தறையாணியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு பழைய வரலாறு. 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையினர் 'அலாரம்' என்னும் மரப் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகடுகளால் போர்த்தினர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுப்பது அவர்கள் நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்ட அக்கப்பலை 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரித்துப் போயிருக்கக் கண்டனர். தகடுகளைப் பொதிந்துவந்த பழுப்புக் காகிதம் அகற்றப்படாமல் இடையே தங்கிய இடங்களிலோ, ஆணிகள் கெடாமல் இருந்தன!

இதன் காரணம் யாது? வோல்ட்டா 1800-இல் அறிவித்த மின்னடுக்கைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரு வேறு உலோகத் தட்டுகளுக்கிடையே உப்புநீரில் நனைந்த அட்டையை வைத்து அவர் மின்னோட்டத்தைப் பெற்றார். கடலில் செல்லும் படகிலும் இரு உலோகங்களும் உப்புநீரும் கூடியிருக்கின்றன. அங்கும் மின்னோட்டம் பிறக்கிறது. எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரைகிறது; மற்றது காக்கப்படுகிறது. கடல்நீரில் துத்தநாகமும் அலுமினியமும் முன்னே கரைபவை. அடுத்தது இரும்பு, அதற்குப் பின் செம்பும், துருவேறா எஃகும்.

ஆகவே, அலுமினியத் தகட்டில் செப்பாணியோ பித்தளையாணியோ அடித்தால் கேடுறுவது தகடே. ஆணியின் தலையைச் சுற்றி வெண்பொடி பூக்கும், துளை அகலும், ஆணி தளரும், நீர் புகும். சாதாரண எஃகாணி தானும் துருவேறி, தகட்டையும் கெடுக்கும்.

தகட்டின் இனத்தைச் சேர்ந்த ஆணியே தக்கது. மக்னீசியம் கலந்த அலுமினியக் கலப்புலோகங்கள் கடல்நீரை நன்கு தாங்குவன. 5052 என்ற எண்ணுடையதில் ஏறக்குறைய 2.5 விழுக்காடும், 5056-இல் ஏறக்குறைய 5 விழுக்காடும் மக்னீசியம் உண்டு. அலுமினியம் என்ற பெயரைக் கண்டே ஏமாறலாகாது. விமான வேலைக்குப் பயன்படும் 2117, 2024 ஆகியவற்றில் செம்பு கலந்திருப்பதால், அவை கடலுக்கு ஏற்றவையல்ல. ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும் 'பாப்' ரிவெட்டானால், அதன் நடுவே உள்ள இழுகம்பி எதனாலானது என்றும் பார்க்க வேண்டும். உடல் அலுமினியமாயினும் கம்பி எஃகாயிருத்தல் உண்டு. அதன் முனை உள்ளே தங்கித் துருவேறும். நீர்மட்டத்திற்குக் கீழே, முனை மூடிய வகையே நன்று.

வலிமை கருதித் துருவேறா எஃகாணியை இட நேர்ந்தால் என் செய்வது? இங்கே பரப்பளவு பற்றிய விதி துணைசெய்கிறது. கரையும் உலோகம் பெரும்பரப்பாகவும், மற்றது சிறுபரப்பாகவும் இருப்பின் சேதம் பரவி மெதுவாக நிகழும். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எஃகாணியைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய எஃகுத் தகட்டில் சிறிய அலுமினிய ஆணியோ விரைவில் அழியும். முன்னதிலும் துளையின் ஓரம் அரிக்கப்படுமாதலால், நீர்புகாப் பசையைத் துளையில் பூசியே ஆணியைப் பொருத்த வேண்டும். 'அலாரம்' கப்பலில் காகிதம் ஆற்றிய பணியை இங்கே பசை ஆற்றுகிறது. செம்பு கலந்த அடிப்பூச்சையும் அலுமினியப் படகிற்கு நேராகப் பூசலாகாது.

இவ்வுண்மையை நீங்களே காணலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் நிரப்புங்கள். ஒன்றில் இரும்பாணியைத் தனியாகவும், மற்றொன்றில் செப்புக் கம்பியை இறுகச் சுற்றிய இரும்பாணியையும் இட்டு, சில நாட்கள் பார்த்து வாருங்கள். எது விரைந்து துருவேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை உங்களில் சிலர் பொறியாளராகிப் படகு கட்டுவீர்கள். அதில் ஏறிச் செல்வோர் ஆணியைச் சோதித்துப் பார்த்து ஏறுவதில்லை. கட்டியவரை நம்பியே ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆணியைத் தேர்ந்தெடுங்கள்.