குகைக்குள் பேசிய ஆங்கிலமும் பத்திரிகையில் எழுதிய ஆங்கிலமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்களத்தில் ஆங்கிலத்தைக் கேலியாகக் 'கடுவ' என்பார்கள். வாள் என்பது பொருள். கையில் உள்ளவர் வீசுவார், இல்லாதவர் ஒதுங்கி நிற்பார். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக உண்டு. ஆனால் அதன் பெறுபேறு இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆதலால் பல பிள்ளைகள் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பிறகு மருத்துவ பீடத்திலோ பொறியியல் பீடத்திலோ முதல் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்கும்போதுதான் வாளின் நினைவு வருகிறது.

அந்தப் பயத்தைக் குறைக்க எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். மனிதரைப் பற்றிய ஒரு நல்ல செய்தியை எடுங்கள். அதை ஒரு தடவை வாசித்து விடாமல், ஒரு கிழமை முழுவதும் பின்தொடருங்கள். உதாரணத்துக்கு 2018இல் உலகமே பார்த்திருந்த ஒரு செய்தியை எடுப்போம்.

அந்த ஆண்டு யூன் 23ஆம் திகதி, தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில் உதைபந்தாட்ட அணியொன்றைச் சேர்ந்த 12 சிறுவர்களும் 25 வயதுப் பயிற்றுநரும் தாம் லுவாங் குகைக்குள் சென்றார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்தது. வாசலில் அவர்களின் சைக்கிள்கள் கிடைத்தன. யூலை 2ஆம் திகதி இரண்டு பிரித்தானியச் சுழியோடிகள் அவர்களை உயிருடன் கண்டார்கள். அப்போது இருட்டில் கேட்ட கேள்வி, 'ஹவ் மெனி ஒவ் யூ?' வந்த பதில், 'தேர்ட்டீன்.' சுழியோடி சொன்னது, 'பிறில்லியன்ற்!'

சுழியோடிகளுடன் ஆங்கிலத்தில் பேசியவன் அதுல் சாம்-ஒன் என்ற 14 வயதுப் பையன். மியன்மாரில் பிறந்து, படிப்புக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டவன். எந்த நாட்டின் குடியுரிமையும் அப்போது அவனுக்கு இல்லை. ஆனால் பல மொழிகள் தெரியும். இன்று என்ன நாள் என்று கேட்கவும், பசிக்கிறது என்று சொல்லவும் அவர்களுக்குச் சின்னச் சின்னச் சொற்களே போதுமாயிருந்தன.

அதே சம்பவத்தை மறுநாள் பத்திரிகை எழுதியபோது ஆங்கிலம் உடை மாற்றிக்கொண்டது. 'ஃபைண்ட்' என்பது 'லொகேற்' ஆனது. 'ஹெல்ப்' என்பது 'அசிஸ்ற்' ஆனது. 'கெற் அவுட்' என்பது 'இவாக்குவேற்' ஆனது. சிறுசொற்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தவை. நீண்ட சொற்கள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்து, பல பிரெஞ்சு வழியாக, வந்தவை. நமக்கு இது புதிதா? வீட்டில் 'அவை நேற்றே போயிட்டினம்' என்கிறோம். பரீட்சைத் தாளில் 'அவர்கள் நேற்றே சென்றுவிட்டனர்' என்று எழுதுகிறோம். இரண்டு தமிழையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு ஆங்கிலம் பெரிய பாரமல்ல. பேச்சு ஆங்கிலம் தாழ்ந்ததும் அல்ல. இடம் வேறு, அவ்வளவுதான்.

அடுத்து, செய்தி எவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். யூலை 2ஆம் திகதிக்கு முன் சிறுவர்கள் எங்கே, எந்நிலையில் இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. அப்படியான வேளையில் பொறுப்புள்ள நிருபர் 'ஆர் பிலீவ்ட் டு பி' என்று எழுதுவார். நமது பத்திரிகைகளில் 'என நம்பப்படுகிறது', 'என அஞ்சப்படுகிறது' என்று வருவதும் இதே பண்புதான். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வது உயர் ஆங்கிலத்தின் முதல் ஒழுக்கம். ஆய்வுக் கட்டுரை எழுதப்போகும் பிள்ளை இதை இங்கேயே பழகலாம்.

மூன்றாவது, செயப்பாட்டு வினை. 'சிறுவர்கள் மீட்கப்பட்டனர்' என்றால் நம் கண் சிறுவர்கள்மேல் நிற்கிறது. அது நியாயம். ஆனால் அதே வாக்கியம் மீட்டவரை மறைத்தும் விடுகிறது. முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான், குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுசென்ற பணியில் யூலை 6ஆம் திகதி உயிரிழந்தார். அவரைச் சொல்லாமல் அந்த வாக்கியம் முழுமையாகாது. ஆகவே செயப்பாட்டு வினையைக் கண்டதும் 'யார் செய்தது?' என்று கேளுங்கள். நாளை உங்கள் விண்ணப்பத்துக்கு 'நிராகரிக்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது' என்று கடிதம் வந்தாலும் அதே கேள்வியைக் கேட்கும் துணிவு வரும்.

இன்னொன்று. உயர் ஆங்கிலம் என்றால் எப்போதும் பெரிய சொல் என்று எண்ணாதீர்கள். மரணத்தை எழுதும்போது தரமான ஆங்கிலச் செய்தி 'டைட்' என்ற நேரான சொல்லையே எழுதும். 'பாஸ்ட் அவே' என்பது அனுதாபக் கடிதத்துக்கு உரியது. நாமும் மரண அறிவித்தலில் 'காலமானார்' என்கிறோம், விபத்துச் செய்தியில் 'உயிரிழந்தார்' என்கிறோம். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று அறிவதே தேர்ச்சி.

பிள்ளைகளே, ஒரு கொப்பி எடுங்கள். முதல் நாள் அகராதியைத் தொடாமல் செய்தியை வாசியுங்கள். இரண்டாம் நாள் பத்துச் சொற்களை மட்டும் அவை வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். மூன்றாம் நாள் செய்தியை மூடிவைத்துவிட்டு, அம்மம்மாவுக்குச் சொல்வதுபோல் எளிய ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்காம் நாள் அதையே பத்திரிகைக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுங்கள். மனிதரின் கதை என்பதால் அடுத்து என்ன நடந்தது என்ற ஆவல் உங்களை இழுத்துச் செல்லும். இலக்கணப் புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் தாராளமாகத் தந்திருக்கிறீர்கள். இனி மாதத்தில் அரை மணித்தியாலம் தாருங்கள். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த ஒரு நல்ல செய்தியை எடுத்து, இங்குள்ள ஒரு பிள்ளையோடு தொலைபேசியில் சேர்ந்து வாசியுங்கள். பிழை திருத்துவதற்கு அவசரப்படாதீர்கள். முதலில் அவள் பேசி முடிக்கட்டும்.

யூலை 10ஆம் திகதி 13 பேரும் வெளியே வந்து சேர்ந்தார்கள். அடுத்த மாதமே அதுலுக்குத் தாய்லாந்துக் குடியுரிமை கிடைத்தது. குகைக்குள் அவன் மொழியை வாளாகப் பிடிக்கவில்லை. வெளியே நின்றவர்களுக்கு நீட்டிய கையாகவே பிடித்தான். எங்கள் கல்லூரியின் இரண்டாவது நூற்றாண்டில் நுழையும் பிள்ளைகளும் அப்படியே பிடிக்கட்டும்.