மாலை நேரமும் நம் பிள்ளைகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கணக்கு வழக்குகள் வாசிக்கப்பட்டுவிட்டன. எந்தக் கணக்கிலும் வராத ஒரு செலவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து மஃரிப் பாங்கு வரை நம் பிள்ளைகள் செலவிடும் நேரமே அது. காலையில் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். மஃரிபுக்குப் பின் மக்தபும் வீடும் பார்த்துக்கொள்கின்றன. இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்திற்குப் பொறுப்பாளர் யார்? தந்தை கடையில் இருக்கிறார், அல்லது வண்டியோட்டச் சென்றிருக்கிறார். தாய்க்கு வீட்டு வேலை. பிள்ளையோ சாலையோரத்தில் நிற்கிறான்.

நம் ஊர்ச் சாலை சாதாரணச் சாலை அன்று. சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் நெடுஞ்சாலை. திருத்தணியைத் தாண்டினால் சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. நல்ல சரக்கும் இவ்வழியே வருகிறது, தீய சரக்கும் இவ்வழியே வருகிறது. தீய சரக்கை விற்பவன், கேட்பாரற்று நிற்கும் பிள்ளையைத்தான் முதலில் தேடுகிறான். இதை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் அறிவீர்கள்.

இந்த நேரத்தைக் காப்பதற்குக் காவல்துறையே விளையாட்டுத் திடலும் மாலை வகுப்பும் நடத்தும் முறை ஒன்று உலகில் நெடுங்காலமாக உண்டு. 1914-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் காவல் ஆணையராக இருந்த ஆர்தர் வுட்ஸ், விளையாட இடமின்றித் தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்காகச் சில தெருக்களை வண்டிகள் நுழையாமல் அடைத்து விளையாட்டுத் தெருக்களாக ஆக்கினார். அம்முயற்சியே பின்னாளில் காவல்துறை விளையாட்டுக் கழகமாக வளர்ந்தது.

இதன் பயனை அறிய, நாம் அனைவரும் நேசிக்கும் ஒரு மனிதரின் வாழ்வே போதும். 1954-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் மிதிவண்டி திருடு போயிற்று. அழுதுகொண்டே காவலரைத் தேடிய அவனைக் கட்டடத்தின் அடித்தளத்திற்கு அனுப்பினார்கள். அங்கே ஜோ மார்ட்டின் என்னும் வெள்ளையினக் காவலர், பணி நேரம் போகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருடனைப் பிடித்து அடிக்கப் போவதாகச் சிறுவன் கூறினான். அடிப்பதற்கு முன் சண்டையிடக் கற்றுக்கொள் என்ற கருத்தில் மார்ட்டின் பதில் கூறி, அவனைத் தம் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். அச்சிறுவன்தான் 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1964-ல் உலகச் சாம்பியனாகி, இஸ்லாத்தை ஏற்று முஹம்மது அலி என்று அறியப்பட்டவர். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து, அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடியதை நம் மூத்தோர் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

சகோதரர்களே! அந்நாளில் அந்த நகரம் நிறத்தால் பிளவுண்டு கிடந்தது. கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை, தனிப் பள்ளி. கறுப்பினத் தாய் தந்தையர் காவலரை அஞ்சியே வாழ்ந்தனர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு காவலரின் பயிற்சிக்கூடம் இரு நிறப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. மிதிவண்டி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கோபத்தோடு வந்த பிள்ளை ஒழுங்கோடு திரும்பினான். ஒரு காவலர் செலவிட்ட மாலை நேரத்தின் பலன் அது.

நம் தமிழகத்திலும் இம்முறை புதிதன்று. சென்னையின் குடிசைப் பகுதிகளில் காவல்துறைச் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. கேரம், சதுரங்கம், கால்பந்து, மாலைப் பாடம் என்று எளிய ஏற்பாடுகள்தாம். 2022 செப்டம்பர் 14 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்கள் சென்னைப் பெருநகரக் காவல்துறையின் ‘சிற்பி’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நூறு பள்ளிகளில், பள்ளிக்கு ஐம்பது பேர் வீதம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 5,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அண்டை மாநிலமான கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம், 2018-ல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

இவ்வளவு நன்மை இருந்தால் நாம் ஏன் தயங்குகிறோம்? அந்தத் தயக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. “ஹஜ்ரத், காவல் நிலைய வாசலுக்குப் பிள்ளையை நாமே அனுப்புவதா?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்ததை நாடே அறியும். அதனைத் தொடர்ந்து ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்பின் மீதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதே ஆண்டு ஜூலையில் தமிழக அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. 1993-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் மக்களுக்கும் காவலருக்கும் இடையே நட்பை வளர்க்கவே அது தொடங்கப்பட்டது. நல்ல நோக்கத்தில் பிறந்த ஓர் ஏற்பாட்டுக்கே இந்த முடிவு வந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது? காவலருடன் பழகுவது வேறு, காவலரின் வேலையைச் செய்வது வேறு. நம் பிள்ளை பந்து விளையாடச் செல்கிறான். கைத்தடி பிடிக்கவோ, அக்கம்பக்கத்தாரைப் பற்றித் தகவல் சொல்லவோ செல்லவில்லை. இந்த எல்லைக்கோடு தெளிவாக இருக்கும் இடத்தில் நம்பிக்கை வளரும். அது அழிந்த இடத்தில் இருபுறமும் கெடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தில் மாணவர் காவல் படையில் சேர்ந்த முஸ்லிம் மாணவி ஒருவர், சீருடையோடு தலையை மறைக்கவும் முழுக்கை அணியவும் அனுமதி கேட்டார். 2022 ஜனவரியில் மாநில அரசு அதனை ஏற்க மறுத்தது. ஆகவே ஆடை, நேரம், பெண் காவலரின் மேற்பார்வை ஆகியவற்றைப் பிள்ளையைச் சேர்த்த பின் பேசுவதைவிடத் தொடங்கும் முன்பே பேசி முடிப்பது அறிவுடைமை. அதே வேளையில், இதைக் காரணம் காட்டிப் பெண் பிள்ளைகளை வீட்டிலேயே அமர்த்திவிட வேண்டாம். சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காஸிமா, தந்தையிடமே கேரம் பயின்று, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஒரு கேரம் பலகையும், அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுக்கப் பெரியவர் ஒருவரும் இருந்தால் போதும் என்பதற்கு அவர் சான்று. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம் அல்லவா?

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காவல் நிலையந்தோறும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக அமர்த்த வழி செய்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் காவலர் கையாளும்போது இயன்றவரை சீருடையின்றி இருக்க வேண்டும், விலங்கிடக் கூடாது என்று விதிகள் கூறுகின்றன. பிள்ளைக்குப் போதைப் பொருளோ, மதுவோ, புகையிலையோ கொடுப்பவனுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தின் 77-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இவற்றை அறிந்த தந்தை, காவல் நிலையத்தில் தலைகுனிந்து நிற்க மாட்டார். உரிமையோடும் பண்போடும் பேசுவார்.

ஆதலால் நிர்வாகக் குழுவின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவதாக, முத்தவல்லி அவர்கள் தலைமையில் சிலர் நம் ஊர்க் காவல் நிலையத்திற்குச் சென்று, குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டறிந்து, அவரைச் சந்திக்க வேண்டும். பிரச்சினை வந்த பின் அறிமுகமாவதைவிட முன்பே அறிமுகமாவது மேல்.

இரண்டாவதாக, வாரத்தில் இரு நாட்களேனும் அஸருக்குப் பின் மஃரிபுக்கு முன் விளையாட்டுப் பயிற்சி நடத்த ஒத்துழைப்புக் கேட்க வேண்டும். இடம் பொது இடமாக இருக்கட்டும். பள்ளித் திடலுக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கலாம். 2024-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கப்பட்டன. அவை நம் ஊராட்சியில் பயன்பாட்டில் உள்ளனவா என்றும் விசாரிக்கலாம்.

மூன்றாவதாக, இது முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அனைவரும் வர வேண்டும். ஒரே அணியில் ஆடிய பிள்ளைகள், பெரியவர்களான பின் வதந்தியைக் கேட்டுக் கல்லெடுக்க மாட்டார்கள்.

நான்காவதாக, ஒவ்வொரு நாளும் பெற்றோரில் ஒருவர் திடலில் இருக்க வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது, எல்லாவற்றிலும் முக்கியமானது. நாம் வராமல் பிள்ளையை மட்டும் அனுப்பினால், பொறுப்பைக் கைமாற்றியவர்களாவோமே தவிர, நிறைவேற்றியவர்களாக மாட்டோம்.

விளையாட்டு ஒன்றே குற்றத்தைத் துடைத்துவிடும் என்று நான் கூறவில்லை. காவலர்கள் பணி மாறிச் செல்வார்கள். இன்று ஆர்வமுள்ள ஆய்வாளர் நாளை வேறு ஊரில் இருப்பார். பல நல்ல மன்றங்கள் பூட்டிக் கிடப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஜமாஅத் மாறிச் செல்வதில்லை. ஆகவே சாவி நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் வரவு செலவோடு, எத்தனை பிள்ளைகள் எத்தனை மாலைகள் திடலுக்கு வந்தார்கள் என்ற கணக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்பதே என் விருப்பம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் நேரத்தையும் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.