பேலட்: சிறுகுழு ஜாஸில் விளம்ப காலம்

ஜாஸில் மெதுவாக வாசிக்கப்படும் காதல் பாட்டை, ஏக்கப் பாட்டை, பேலட் என்கிறார்கள். விறுவிறுப்பான உருப்படிகளுக்கு நடுவே இளைப்பாற வைத்த இடமாகவே பலரும் அதை எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒருவரை ஒருவர் உண்மையிலேயே கேட்கிறதா என்பது பேலடில்தான் வெளிப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். வழக்கமான பாட்டின் ஒரு சுற்று 32 பார்; பாருக்கு 4 அடி; ஆக 128 அடி. நிமிடத்துக்கு 240 அடி வேகத்தில் அது 32 விநாடியில் முடிந்துவிடும். 60 அடியில் 2 நிமிடத்தைத் தாண்டும். வேகத்தில் ஒருவர் தடுமாறினால் அடுத்த அடி அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். விளம்பத்தில் அடிக்கு அடி முழுதாக ஒரு விநாடி இருக்கிறது. பயந்துபோய் அதை ஒருவர் நிரப்பினாலும் போதும், பாட்டு குலைந்துவிடும்.

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் நிலவறை அரங்கில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ ஏறத்தாழ ஐந்து நிமிடம்தான். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25; வேகத்துக்கும் துணிவுக்கும் பெயர் பெற்றவர். இதில் அவருக்குத் தனி வாசிப்பே கிடையாது. தாழ்ந்த சுரங்களை எண்ணி எண்ணி வைக்கிறார். டிரம்ஸ் வாசித்த பால் மோஷியனின் பிரஷ்களும் சிம்பலும் காலத்தைத் தட்டிச் சொல்வதைவிட அதற்கு நிறம் தீட்டுகின்றன. எவன்ஸ் மெட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆனாலும் அடி எங்கே விழும் என்பதில் மூவருக்கும் ஐயமில்லை. பதினொரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அதே மோஷியன் பின்னாளில் கிதாருக்கு பில் ஃபிரிசெல், சாக்ஸபோனுக்கு ஜோ லவானோ என்று சேர்த்துக்கொண்டு பாஸே இல்லாத குழு நடத்தினார். 2005இல் வெளிவந்த ‘ஐ ஹாவ் தி ரூம் அபவ் ஹர்’ இசைத்தட்டைக் கேளுங்கள். அடியை வெளிப்படையாகப் பிடித்துக்கொடுக்க அங்கே ஆளில்லை. பாட்டு சிதறவும் இல்லை. காலத்தை மூவரும் உள்ளுக்குள் சுமக்கிறார்கள். இன்றைய சிறுகுழு பேலடின் பெரும் சாதனை இது என்பேன்.

இதெல்லாம் பழம்பாட்டின் மீதான ஏக்கம் என்று மறுப்பார்கள். அந்த மறுப்பில் பலம் உண்டு. 1930களின் நாடக, திரைப்படப் பாட்டுகளை அன்றைய ரசிகர் மனப்பாடமாக அறிந்திருந்தார். எந்தச் சுரம் வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அது தாமதித்து வந்தால் அந்தத் தாமதமே பொருள் பெற்றது. இன்றைய இளைஞருக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. இதற்கு இரண்டு வழிகள் காண்கிறேன். பியானோ கலைஞர் பிராட் மெல்டாவ் தம் 2016ஆம் ஆண்டின் ‘புளூஸ் அண்ட் பேலட்ஸ்’ தொகுப்பில் கோல் போர்ட்டரின் பழம்பாட்டோடு பீட்டில்ஸ் பாட்டையும் வைத்தது ஒரு வழி. மற்றது இன்னும் அடிப்படையானது. முதல் சுற்றில் மெட்டை அவசரமின்றி, முழுமையாக வாசித்தால் அந்த இரண்டு நிமிடத்திலேயே கேட்பவர் பாட்டைக் கற்றுக்கொள்வார். பிறகு வரும் ஒவ்வொரு விலகலும் அவருக்குப் புரியும்.

மெட்டோடு ஒட்டி நின்றால் கற்பனைக்கு இடமேது என்றும் கேட்கலாம். சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ மெட்டைத் தொடக்கத்திலேயே கைவிட்டுச் சாதித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஒட்டி நிற்க வேண்டும் என்பதல்ல என் வாதம். விலகுவதற்குக் காரணம் வேண்டும் என்கிறேன். 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் பில்ஹார்மோனிக் ஹாலில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு ‘மை ஃபன்னி வாலன்டைன்’ பாட்டை ஏறத்தாழ 15 நிமிடம் வாசித்தது. காலம் தளர்கிறது, இறுகுகிறது, இரட்டிக்கிறது. டிரம்ஸில் 18 வயது டோனி வில்லியம்ஸும் பாஸில் ரான் கார்ட்டரும் பியானோவில் ஹெர்பி ஹான்காக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனி வாசிப்பவரின் இசைத்தொடரிலிருந்தே எடுக்கிறார்கள். இரண்டாம் சுற்று வந்ததுமே பழக்கத்தால் இரட்டை வேகத்துக்குத் தாவும் குழுக்கள் இன்று பல. அந்தத் தாவலை எந்த இசைத்தொடரும் கேட்கவில்லை. நீண்ட விநாடிகளைத் தாங்க முடியாமல் ஓடுகிறார்கள். அதைவிட ஒரே சுற்று வாசித்து நிறுத்திக்கொள்ளலாம்.