காசல்ரீ அணையைக் காட்டிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்

(சாதாரண தரப் பரீட்சை எழுதிய தோட்டப் பிள்ளைகளுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெறுபேறு வந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சற்று முன் பிள்ளைகளிடம் கேட்டேன். கொழும்பில் கடைக்கு என்றான் ஒரு தம்பி. கார்மெண்டுக்கு என்றாள் ஒரு தங்கச்சி. எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் பொறியியலாளர் என்றோ விஞ்ஞானி என்றோ ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அப்படிப்பட்டவர்களை நாம்தான் அவர்களுக்குக் காட்டவில்லை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை நம்மில் பலர் தினமும் பார்க்கிறோம். அந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகப் போய் நோர்ட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. யார் அந்த விமலசுரேந்திர? 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர். கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். உடனே நடக்கவில்லை. லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல்தான். 32 வருடங்கள் போயின. ஆனாலும் அவர் போட்ட கணக்கு பொய்க்கவில்லை. 1953இல் கண்மூடுவதற்கு முன் அது நிறைவேறியதை அவர் பார்த்துவிட்டார்.

அந்த மின்சாரம் நம் மலையில் பிறந்து கொழும்புக்குப் போனது. நம் லயங்களிலோ வெகுகாலம் குப்பி லாம்புதான். நானும் அந்த வெளிச்சத்தில் படித்தவன். என் கணக்குக் கொப்பியில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். கம்பி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் நம் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் இவ்வளவு காலம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு வீ.பி. தேயிலையைத் தெரியும். டி.ஆர்.ஐ. 2025 என்ற செடியை வானத்திலிருந்து யாரும் போடவில்லை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் தெரிவு செய்து கொடுத்தது அது. செடியைப் பற்றி நம் கைகளுக்குத் தெரிந்தது கொஞ்சமா? அந்த அறிவோடு படிப்பும் சேர்ந்தால் நம் பிள்ளையும் அங்கே வேலை செய்யலாம்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளையால் முடியுமா என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்ட் 23இல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். முதலில் படித்தது டிப்ளோமா, பிறகுதான் பட்டம். அதே ஆண்டு சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 போனது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் படித்த ஒரு பெண்.

ஆகவே பெற்றோரே, கணிதமும் விஞ்ஞானமும் வரும் பிள்ளையைச் சாதாரண தரத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். உயர்தரம் கைகூடாவிட்டால் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மகளுக்கும் இதே வழிதான்.

தலைவர்மாரே, உங்கள் தோட்டப் பாடசாலையில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லையென்றால் அதை எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். சம்பளத்துக்குக் குரல் கொடுப்பது போல இதற்கும் குரல் கொடுப்போம்.

பிள்ளைகளே, இனி காசல்ரீயைக் கடக்கும்போது தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள். அதைக் கணக்குப் போட்ட மனிதரையும் நினையுங்கள். அடுத்த கணக்கை நீங்கள் போடுங்கள்.