வேலைநேரக் கணக்கு யார் கையில்?

(திருவனந்தபுரத்தில் தமிழறிந்த கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு, இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில், டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. மென்பொருள் எழுதுவோரோடு கூட, விளம்பரப் படம் வரைவோர், வாசகம் எழுதுவோர், காணொலி தொகுப்போர், நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகளை நடத்துவோர் என ஒரு புதிய உழைப்பாளர் பகுதி இன்று இந்நகரில் உருவாகியுள்ளது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில் தொழிற்சங்க இயக்கத்திலும் ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. நிர்வாகமோ இவர்களைக் 'குடும்பம்' என்று அழைக்கிறது. குடும்பத்தில் எவரும் நேரக் கணக்குப் பார்ப்பதில்லை; அச்சொல்லின் பயன் அதுவே.

விளம்பர நிறுவனத்தின் வேலைச்சுமை எங்கிருந்து பிறக்கிறது? மேலதிகாரியின் குணக்கேட்டிலிருந்து என்பது பாதி விடையே. மீதி விடை அத்தொழிலின் வரவு செலவில் இருக்கிறது. முற்காலத்தில் பத்திரிகையிலும் வானொலியிலும் வெளியாகும் விளம்பரக் கட்டணத்தில் 15 விழுக்காடு தரகாகக் கிடைத்தது. இன்று பல இடங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் பேசப்படுகிறது. வாடிக்கையாளர் மூன்று முறை திருத்தம் கேட்டாலும் பதின்மூன்று முறை கேட்டாலும் வருமானம் மாறாது. புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகப் போட்டியில் காட்டப்படும் மாதிரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை. இத்தொழிலில் பெருஞ்செலவு ஊழியரின் சம்பளம். வருமானம் நிலையாக நிற்க வேலை மட்டும் பெருகும்போது, நிர்வாகம் இழுத்து நீட்டக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஊழியரின் மாலைப்பொழுது.

கேரளத்தில் ஓணம்தான் விற்பனையின் உச்சகாலம். துணிக்கடை, நகைக்கடை, வீட்டு உபயோகப் பொருள் கடை யாவும் ஒரே வாரங்களில் விளம்பரம் கேட்கின்றன. வளைகுடா வாடிக்கையாளர் என்றால், துபாயில் மாலை ஆறு மணி இங்கே இரவு ஏழரை. அங்கே அலுவலகம் மூடும் வேளையில் வரும் ஒரு திருத்தம், இங்கே ஒருவரின் இரவு உணவை எடுத்துக்கொள்கிறது.

'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்த தோழர்களுக்கு இது புதிதன்று. இங்கிலாந்தின் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை மார்க்ஸ் அங்கே எடுத்தாள்கிறார். வேலை தொடங்கும் முன் சில நிமிடங்கள், உணவு இடைவேளையில் சில நிமிடங்கள் என்று ஆலை முதலாளிகள் திருடியதை அவ்வறிக்கைகள் பதிவு செய்தன. அன்று ஆலைச் சங்கு செய்ததை இன்று வாட்ஸ்அப் குழு செய்கிறது.

இத்தொழில் உலகுக்குத் தந்த மிகக் கொடிய பாடம் ஜப்பானில் நிகழ்ந்தது. அந்நாட்டின் மிகப்பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் 2015ஆம் ஆண்டு சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர், அவ்வாண்டு டிசம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஒரே மாதத்தில் சுமார் 105 மணி நேரம் மிகைநேர வேலை செய்ததைக் கண்டறிந்த தொழிலாளர் தரநிலை அலுவலகம், மிகை உழைப்பால் நேர்ந்த மரணம் என்று 2016இல் அறிவித்தது. நிறுவனத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2017இல் நீதிமன்றம் 5 லட்சம் யென் அபராதம் விதித்தது. அதே நிறுவனத்தில் 1991இலும் ஓர் இளம் ஊழியர் இவ்வாறே மாண்டார். நிறுவனமே பொறுப்பு என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்புக்குப் பின்னும் பழக்கம் மாறவில்லை.

இதில் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. டென்ட்சுவில் மாத மிகைநேரத்துக்கு 70 மணி என்னும் உச்சவரம்பு இருந்தது. அப்பெண் அக்டோபர் மாதத்துக்குத் தாமே பதிந்த மிகைநேரம் 69.9 மணி; நவம்பரில் 69.5 மணி. பதிவேடு இருந்தது, அதில் எழுதும் துணிவை அலுவலகம் விட்டுவைக்கவில்லை. அலுவலக வாயிலில் நுழைந்ததும் வெளியேறியதுமான பதிவுகளைக் கொண்டு குடும்பத்தின் வழக்கறிஞர் கணக்கிட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது.

இந்தியாவிலும் அத்தகைய துயரம் நிகழ்ந்தது. கொச்சியைச் சேர்ந்த 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர், எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழுமத்தின் புனே அலுவலகத்தில் சேர்ந்த நான்கே மாதங்களில், 2024 ஜூலையில் மரணமடைந்தார். அளவற்ற வேலைச்சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. நிறுவனம் அதை மறுத்தது. பின்னர் ஆய்வுக்குச் சென்ற மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை, 2007 முதல் இயங்கிய அந்த அலுவலகம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவே பெற்றிருக்கவில்லை என்று கண்டது. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வேலைநேரத்தைக் கேட்க எவரும் போகவில்லை என்பதே இதன் பொருள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுக்கிறது. மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்கிறது. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே 8 மணி, 48 மணி. இவற்றைத் தாண்டும் எளிய வழி பதவிப் பெயர். மூன்றாண்டு அனுபவமுள்ளவருக்கு 'மேலாளர்' பட்டம் சூட்டினால், அவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார் என்று நிர்வாகம் வாதிடும். ஒன்றிய அரசின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரைத் தொழிலாளி அல்லர் என்கிறது. பட்டத்தைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு எழுப்பவேண்டிய கோரிக்கை.

படைப்பு வேலைக்குக் கடிகாரம் பொருந்துமா என்று நிர்வாகம் கேட்கும். விடை அதன் கணினியிலேயே இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்னும் அன்றாட நேரப்பட்டியலைப் பல விளம்பர நிறுவனங்கள் ஊழியரிடமிருந்து வாங்குகின்றன. கட்டணம் பேசும்போது அந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. மிகைநேர ஊதியம் கேட்டால் மட்டும் கலைக்குக் கணக்கில்லை என்றாகிவிடுகிறது.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. இதற்கு எதிர்த்திசையிலும் வரலாறு நகர்ந்திருக்கிறது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தால் 2018இல் கேரளச் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடு அதைப் பின்பற்றியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய 12 மணி நேர வேலைத் திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளையொட்டித் திரும்பப் பெறப்பட்டது. 2024இல் கர்நாடகத்தில் ஐடி ஊழியருக்கு 14 மணி நேர வேலைநாள் என்ற யோசனையை எதிர்த்து அவர்களுடைய சங்கமே வீதிக்கு வந்தது. வேலைநேரத்துக்குப் பின் நிறுவனத் தொடர்பை மறுக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டமாக உள்ளது.

ஆயினும் தொடர்பை மறுக்கும் உரிமை ஏட்டில் வந்தாலும், அதை மீறியதை மெய்ப்பிக்கக் கணக்கு வேண்டும். எனவே முதற்பணி எளியது. ஊழியர் ஒவ்வொருவரும் வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், இரவில் வந்த செய்தி ஆகியவற்றைத் தம் சொந்தக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வரவேண்டும். தனியொருவரின் குறிப்பை நிர்வாகம் பொய் என்று தள்ளிவிடலாம். இருபது பேரின் குறிப்புகளைச் சேர்த்து வைத்தால் அது ஆய்வாளர் முன் வைக்கத்தக்க சான்று. அடுத்த கோரிக்கை, நிறுவனத்தின் நேரப்பட்டியலைப் பார்வையிடும் உரிமை ஊழியர் அமைப்புக்கு வேண்டும் என்பது. பிரதித்வனி போன்ற ஊழியர் அமைப்புகள் டெக்னோபார்க்கில் ஏற்கெனவே இயங்குகின்றன. குறும்பட விழாவுக்கு ஒன்றுகூடுவோர் வேலைநேரத்துக்காகவும் ஒன்றுகூட முடியும்.

1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியபோது, எட்டு மணி நேரம் ஆலைத் தொழிலாளியின் கோரிக்கையாக இருந்தது. இன்று குளிரூட்டிய அறையில் இரவு பதினொரு மணிக்கு நகைக்கடை விளம்பரத்தின் ஒன்பதாம் திருத்தத்தைச் செய்பவருக்கும் அதே கோரிக்கைதான். அவரிடம் சென்று முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: நேற்று எத்தனை மணிக்கு வேலை முடிந்தது?