மனச்சோர்வு மாத்திரை: அந்த முதல் சில வாரங்கள்



மனநலப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி நடக்கிற ஒரு விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன். மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுப்போம். வீட்டுக்குப் போனதும் அட்டையில் உள்ள பெயரைச் செல்போனில் தேடிப் பார்ப்பார்கள். குமட்டல், தலைவலி, தூக்கமின்மை என்று பெரிய பட்டியல் வரும். ரெண்டாம் நாள் லேசாகக் குமட்டினால் போதும், 'இது நமக்கு ஒத்துக்கல' என்று நிறுத்திவிடுவார்கள். நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த மாத்திரைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கணும்னா, அது இதுதான்: தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும்.

ஏன் அப்படி? நம் மூளையின் நரம்பணுக்கள் செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. வேலை முடிந்ததும், அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான மாத்திரைகள் இந்த உறிஞ்சலைக் குறைக்கின்றன. இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஆனால் அதற்கு ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இது காய்ச்சல் மாத்திரை மாதிரி உடனே கேட்பதில்லை.

இனி வகைகளைப் பார்ப்போம்.

முதல் வகை எஸ்.எஸ்.ஆர்.ஐ. ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் எல்லாம் இதில் வரும். இவை முக்கியமாக செரோட்டோனின் மீது வேலை செய்கின்றன. பலருக்கும் முதலில் கொடுப்பது இந்த வகைதான். உடம்பில் உள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. அதனால் முதல் வாரம் குமட்டலோ வயிற்றுப் பிரச்சினையோ வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். தாம்பத்திய விருப்பம் குறைவதும் உண்டு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்லுங்க, மாற்று வழி இருக்கு. மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவர் அதையும் சொல்லணும். ரெண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும்.

இரண்டாவது வகை எஸ்.என்.ஆர்.ஐ. வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெட்டின் இதில் வரும். இவை செரோட்டோனின், நார்அட்ரினலின் இரண்டின் மீதும் வேலை செய்யும். வென்லாஃபாக்ஸின் எடுப்பவர்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உள்ளவர்களுக்கு டுலோக்ஸெட்டின் கொடுப்பார்கள். செல்போனில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். பயப்படாதீங்க. அது நரம்பு வலிக்கும் உதவுகிற மருந்து.

மூன்றாவது வகை ட்ரைசைக்ளிக். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்றவை. 1950-களில் இருந்து வருகிற பழைய மருந்துகள், நல்ல பலன் தருபவை. வாய் உலர்தல், மலச்சிக்கல், மயக்கம், தூக்கக் கலக்கம் அதிகம். இதய நோய், சிலவகை கண் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. எனவே வீட்டில் ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் குறைந்த அளவில் இதைக் கொடுப்பதுண்டு.

இவை தவிர, தூக்கமும் பசியும் போனவர்களுக்கு மிர்ட்டாஸபின் கொடுப்பார்கள். அதில் எடை கூடலாம். ப்யூப்ரோபியான் என்றும் ஒன்று உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆக, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. அவர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீங்க.

சரி, எப்படிச் சாப்பிடுவது? குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். ரெண்டு முதல் நாலு வாரத்தில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு ஆறு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். நல்லான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். 'நல்லாத்தான் இருக்கேனே' என்று அப்போது நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

பழக்கமாகிடுமா என்று கேட்பீர்கள். மதுவைப் போல ஏங்க வைக்காது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். தனியே விடாமல் கவனியுங்கள். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, கண்மூடித்தனமான செலவு என்று மாறினால், அது இருமுனை நோயாக இருக்கலாம். இந்த இரண்டில் எது நடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உங்க செல்போனை இதற்குப் பயன்படுத்துங்கள்: மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். என்ன தொந்தரவு, எந்த நாள் என்று குறித்துவைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். சந்தேகமா? 14416, டெலி மனஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரை இலவசமாகப் பார்க்கலாம். லேசான மனச்சோர்வுக்கு ஆலோசனை மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம். வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கம் வேண்டாம். உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

அலமாரியில் பாதியில் நிறுத்திய அட்டை ஏதாவது இருந்தால், அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், நீங்களாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று யாரும் திட்ட மாட்டார்கள். அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம்.